ஆராதனையில் கீபோர்டு: பாட்டு ஏன் கும்மென்று அடைத்துப் போகிறது?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் கேட்கும் பேச்சு இது: "கீபோர்டு கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, பாட்டு வரியே கேக்கல." அடுத்த வாரம் சவுண்டு பார்க்கிற தம்பி கீபோர்டின் வால்யூமைக் குறைத்து விடுவார். வாசிப்பவருக்குத் தன் சத்தமே கேட்காது. அதனால் இன்னும் அழுத்தி, இன்னும் நாலு விரலைச் சேர்த்து வாசிப்பார். அந்த வாரமும் அதே பேச்சுதான் வரும்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவர் பயிற்சி போதாது என்பார், ஒருவர் ஸ்பீக்கர் சரியில்லை என்பார், ஒருவர் இன்னும் ஜெபிக்க வேண்டும் என்பார். ஜெபமும் பயிற்சியும் வேண்டியவைதான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சிக்கல் பெரும்பாலும் கீபோர்டின் எந்தப் பகுதியில் கை நிற்கிறது என்பதிலிருந்து வருகிறது. அது புரிந்துவிட்டால், புதிதாக ஒரு கார்டுகூட, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்கள், கற்காமலேயே வாசிப்பு தெளிவாகிவிடும்.

ஒரே குரலில் மூன்று பேர்

ஒரு ஹாலில் ஒரே மாதிரி கனத்த குரல் உள்ள மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன சொல்கிறார் என்றே தெரியாது. அதே ஹாலில் ஒரு பெரியவரும் ஒரு சின்னக் குழந்தையும் சேர்ந்து பேசினால், இரண்டு குரலும் தனித்தனியாகக் காதில் விழும். குழந்தை மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

இசைக்குழுவிலும் இதுவேதான். பேஸ் கிட்டார், டிரம்ஸின் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), கிட்டார், பாடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பகுதி உண்டு. கீபோர்டுக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி கிடையாது. அது கீழிருந்து மேல்வரை எல்லா இடத்துக்கும் போகும். அதனால் எல்லார் இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம்.

யார் எங்கே இருக்கிறார்கள்

சத்தம் என்பது அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறோம். எண் சிறியதென்றால் கனத்த சத்தம், பெரியதென்றால் கீச்சென்ற சத்தம். கீபோர்டில் சி என்ற ஸ்வரத்திலிருந்து அடுத்த சி வரை உள்ள தூரம் ஒரு ஆக்டேவ். ஒரு ஆக்டேவ் மேலே போனால் இந்த எண் இரண்டு மடங்காகும்.

சபைகளில் அதிகம் இருப்பது 61 கட்டை கீபோர்டு. அதன் இடது ஓரத்தில் இருக்கும் சி சுமார் 65 ஹெர்ட்ஸ். இரண்டாவது சி 131. மூன்றாவது சி, அதாவது நடு சி, 262. பேஸ் கிட்டாரின் அடி கம்பி 41 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. சாதாரண கிட்டாரின் அடி கம்பி 82. ஆண்கள் பாடும் ஸ்வரங்கள் பெரும்பாலும் 100 முதல் 400-க்குள் வரும். பெண்கள் பாடுவது அதற்கு மேல் தள்ளி.

இப்போது கீபோர்டைப் பாருங்கள். நடு சி-க்குக் கீழே இருக்கும் இரண்டு ஆக்டேவிலும் ஏற்கெனவே பேஸ், கிட்டார், ஆண் குரல் என்று கூட்டம். அங்கேதான் நம்மில் பலருடைய இடது கை மூன்று விரலில் ஒரு முழு கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

காதுக்குள் நடப்பது

நெருக்கமான இரண்டு அதிர்வுகள் ஒன்றாக ஒலிக்கும்போது சத்தம் ஏறி இறங்கும். பேஸ் கிட்டாரில் ஏ ஸ்வரம் 110 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது டியூனிங் தவறி 112-இல் நின்றால், கீபோர்டின் 110-ஓடு சேரும்போது நொடிக்கு இரண்டு முறை 'உவ்வா உவ்வா' என்று ஆடும். இதைப் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் விம்மல் என்று படித்திருப்பீர்கள். வித்தியாசம் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் வேகமெடுக்கும். ஒரு கட்டத்தில் ஆட்டமாகக் கேட்காது, கரகரப்பாகக் கேட்கும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் இதை விரிவாக விளக்கினார். நொடிக்கு 30 முதல் 40 விம்மல் வரும்போது கரகரப்பு மிக மோசமாக இருக்கும் என்றார் அவர்.

இதைக் கார்டோடு வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் சி மேஜர் பிடித்தால் ஸ்வரங்கள் 65, 82, 98 ஹெர்ட்ஸ். பக்கத்து ஸ்வரங்களுக்கு இடையே வித்தியாசம் 16, 17தான். ஒரு ஆக்டேவ் மேலே போய்ப் பிடித்தால் வித்தியாசம் 30-க்கும் 35-க்கும் நடுவில் வருகிறது. கரகரப்பின் நடு மையம் அது. நடு சி-யில் பிடித்தால் 60-க்கு மேல் போய்விடும், கார்டு சுத்தமாகக் கேட்கும். மூன்று இடத்திலும் பிடிப்பது அதே கார்டு, அதே விரல்கள்தான். இடம்தான் வேறு. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, பியானோ டோனில், இந்த மூன்று இடத்திலும் ஒரே கார்டை மெதுவாக வாசித்துக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. பலமான ஒரு சத்தம், அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சத்தத்தைக் காதில் விழாமல் செய்துவிடும். இதற்கு மறைத்தல் என்று பெயர். மறைத்தல் கீழிருந்து மேலாகத்தான் அதிகம் நடக்கும். கனத்த சத்தம் தனக்கு மேலே இருப்பதை மறைக்கும், மேலே இருக்கும் சத்தத்தால் கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைக்க முடியாது. அதனால்தான் இடது கையின் கனமான கார்டு, மேலே பாடிக்கொண்டிருக்கும் அக்காவின் குரலைக்கூட அமுக்கிவிடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கீழ்ப் பகுதியில் ஸ்வரங்கள் நெருங்கி நின்றால் கரகரக்கும், கூடவே மேலே உள்ளவர்களை மறைக்கும். வால்யூமைக் குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து சின்னதாகுமே தவிர, தெளிவு வராது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

வாசிப்பவரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் காரணம் மிக நியாயமானது.

நம் ஊரில் பெரும்பாலோர் கீபோர்டு கற்றது ஸ்டைல் போட்டுத்தான். ஸ்டைல் என்பது கீபோர்டு தானாகவே ரிதம், பேஸ், துணைக் கருவிகள் எல்லாவற்றையும் வாசிக்கும் வசதி. யமஹாவோ கேசியோவோ, ஸ்டைல் கார்டு முறையில் இருக்கும்போது இடது பக்கக் கட்டைகள் வழக்கமாக நேரடியாக ஒலிப்பதில்லை. நீங்கள் மூன்று விரலில் பிடிப்பது கீபோர்டுக்குக் கொடுக்கும் ஒரு தகவல்: 'இப்போது ஜி மேஜர்.' அதைப் படித்துக்கொண்டு, பேஸை ஒரு இடத்திலும் கிட்டார் ஒலியை வேறு இடத்திலும் கீபோர்டே பிரித்து வைத்து ஒலிக்கும். ஆகவே இடது ஓரத்தில் முழு கார்டு பிடிப்பது அங்கே சரியான முறை.

சபையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வந்ததும் ஸ்டைலை நிறுத்திவிடுகிறோம். கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. முன்பு தகவலாக இருந்த அந்த மூன்று ஸ்வரங்கள் இப்போது அப்படியே, கனமாக, ஸ்பீக்கரில் வருகின்றன. பல வருடம் பழகிய கை என்பதால் வாசிப்பவருக்கு இது தோன்றுவதே இல்லை.

வீட்டில் பயிற்சி செய்யும்போதும் இது பிடிபடாது. கீபோர்டிலேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தைச் சரியாகத் தர முடியாது. இடது கை மெலிசாகக் கேட்கும், நாமும் ஒரு விரலைக் கூடச் சேர்ப்போம். சபையின் பெரிய ஸ்பீக்கரில் அந்த விரல் முழு உருவத்தோடு வெளியே வரும். இன்னும் ஒன்று: புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில் கீபோர்டு ஒன்றுதான் மொத்த இசைக்குழுவும். அங்கே இரண்டு கையும் நிறைந்து வாசிப்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை அதே கை அப்படியே வந்துவிடுகிறது.

இடது கைக்கு ஒரு எல்லை

இடது கைக்கு எளிய வழி இது. இரண்டாவது சி-க்குக் கீழே போனால் ஒரே ஒரு ஸ்வரம், மிஞ்சினால் அதே ஸ்வரத்தின் ஆக்டேவ். இரண்டாவது சி-க்கும் நடு சி-க்கும் இடையே இரண்டு ஸ்வரம் பிடிக்கலாம், ஆனால் ச–ப மாதிரி தள்ளி இருக்கும் ஜோடியாக இருக்கட்டும். மூன்று ஸ்வரமும் உள்ள முழு கார்டு நடு சி-யைச் சுற்றியும் அதற்கு மேலும்தான்.

பேஸ் கிட்டார் வாசிப்பவர் பக்கத்தில் நின்றால், பல பாட்டுகளில் இடது கை சும்மா இருப்பதே நல்லது. இது ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். கை ஏதோ வெறுமையாக உணரும். இரண்டாவது சி-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன காகிதத்துண்டை ஒட்டிவைத்து, அதற்கு இடப்பக்கம் போவதில்லை என்று ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். கார்டின் அடி ஸ்வரத்தை பேஸ் தம்பி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் அதையே கொடுத்தால், இருவரில் ஒருவர் கொஞ்சம் டியூனிங் தவறினாலும், நேரத்தில் ஒரு இழை பிசகினாலும், அது உடனே வெளியே தெரியும்.

வலது கை குதிக்க வேண்டாம்

கார்டு மாறும்போதெல்லாம் கை முழுவதும் தூக்கி வேறு இடத்தில் வைப்பது அடுத்த பழக்கம். ஜி, டி, இ மைனர், சி என்று போகும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசையில் எத்தனையோ ஆராதனைப் பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கார்டையும் அதன் பெயர் ஸ்வரத்திலிருந்தே தொடங்கினால் கை ஜி-யிலிருந்து டி-க்குத் தாவும், அங்கிருந்து இ-க்கு, பிறகு சி-க்கு. கேட்பவருக்குப் பாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு தாவல் காதில் விழும்.

ஒரு கார்டின் அதே ஸ்வரங்களை வரிசை மாற்றி அடுக்குவதற்கு இன்வர்ஷன் என்று பெயர். அதை வைத்து இப்படி வாசித்துப் பாருங்கள். ஜி கார்டை பி–டி–ஜி என்று பிடியுங்கள், பி நடு சி-க்கு ஒட்டிய கீழ்க்கட்டை. டி கார்டுக்கு வரும்போது பி ஒரு படி இறங்கி ஏ ஆகிறது, டி அங்கேயே இருக்கிறது, ஜி அரைப்படி இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. ஏ–டி–எஃப் ஷார்ப். இ மைனருக்கு மூன்று விரலும் கொஞ்சம் மேலேறி பி–இ–ஜி. சி-க்கு ஒரே ஒரு விரல்தான் நகர வேண்டும்: பி, சி ஆகிறது, சி–இ–ஜி. நாலு கார்டும் முடிந்துவிட்டது, எந்த விரலும் ஒரு முழுப்படிக்கு மேல் நகரவில்லை. கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்ததால் மற்றவர்களின் இடத்துக்குள் அது போகவும் இல்லை.

முதலில் இரண்டு பாட்டுக்கு மட்டும் இப்படி எழுதி வைத்துப் பழகினால் போதும். மூன்றாவது பாட்டில் கை தானாகவே பக்கத்து ஸ்வரத்தைத் தேட ஆரம்பிக்கும்.

சுருக்கமாக: இடது கைக்கு எல்லை, வலது கைக்கு நெருங்கிய நகர்வு. இந்த இரண்டில் பெரும்பகுதி சரியாகிவிடும். மற்றவை இதன் மேல் வருபவை.

காலும் ஒரு கைதான்

சஸ்டெயின் பெடல் என்பது, விரலை எடுத்த பிறகும் ஸ்வரத்தைத் தொடர்ந்து ஒலிக்க வைக்கும் மிதி. ஜி-யிலிருந்து டி-க்கு மாறும்போது பெடலை விடாமல் இருந்தால், பழைய ஜி ஸ்வரமும் புதிய எஃப் ஷார்ப்பும் சேர்ந்து ஒலிக்கும். அவை ஒட்டிய கட்டைகள், மோதத்தான் செய்யும். புதிய கார்டை அழுத்தும் அதே நொடியில் காலை எடுத்து, விரல்கள் கட்டையில் இருக்கும்போதே மறுபடி மிதியுங்கள். கார்டுக்கு முன்னால் மிதித்தால் பழையது ஒட்டிக்கொள்ளும். உயர்ந்த கூரையும் கல் சுவரும் உள்ள பழைய ஆலயங்களில் கட்டடமே பெடல் மிதித்ததுபோல் சத்தத்தை இழுக்கும். அங்கே பெடலையும் கீபோர்டின் ரிவெர்பையும் (எதிரொலி சேர்க்கும் வசதி) பாதியாகக் குறைப்பது நல்லது.

வார்த்தை கேட்க வேண்டும்

சபையார் பாடுவதற்கு அவர்களுக்கு வார்த்தை கேட்க வேண்டும். வார்த்தையைப் பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகள்: க, ச, த, ப. இவற்றின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. மெட்டைத் தனியாக எடுத்து வாசிக்கும் கூர்மையான லீட் டோன், பிராஸ், பளிச்சென்ற ஸ்ட்ரிங்ஸ் இவற்றின் மேற்சுரங்கள், அதாவது ஒரு ஸ்வரத்தோடு தானாகவே கூட ஒலிக்கும் மேல் அதிர்வுகள், நேராக அந்தப் பகுதியில்தான் போய் விழுகின்றன. அதனால் லீட் எப்போதும் வரி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் வரட்டும். பாடுகிறவரோடு சேர்ந்து மெட்டை வாசிக்கும் பழக்கம் புதிய பாட்டு சொல்லிக்கொடுக்கும் வாரத்தில் உதவும். எல்லாருக்கும் தெரிந்த பாட்டில் அது குரலை மூடத்தான் செய்யும்.

ஜெப நேரத்தில் பின்னணியில் வாசிப்பதற்கும் இதே கணக்குதான். பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வு ஆண்களுக்குச் சுமார் 85 முதல் 180, பெண்களுக்கு 165 முதல் 255 ஹெர்ட்ஸ். போதகர் ஜெபிக்கும்போது பேட், அதாவது மெதுவாக எழும்பி நீண்டு நிற்கும் மென்மையான டோன், நடு சி-க்கு மேலே இரண்டே ஸ்வரத்தில் இருந்தால் அவருடைய வார்த்தை அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் கார்டை அடிக்கடி மாற்றவும் வேண்டாம். ஜெபிக்கிறவரின் மனம் உங்கள் கார்டைப் பின்தொடர்ந்து போய்விடக் கூடாது.

கீர்த்தனைக்குத் தனிக் கவனம்

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் கீர்த்தனைகள் கர்நாடக ராகங்களில் பாடப்பட்டு வருகின்றன. கார்டுகளை மனதில் வைத்து அவை அமைக்கப்படவில்லை. சங்கராபரணத்தில் உள்ள பாட்டுக்கு மேஜர் ஸ்கேலின் கார்டுகள் பொருந்திவிடும், ஸ்வரங்கள் ஒன்றேதான். மாயாமாளவகௌளையில் நிலைமை வேறு. சி-யை ச-வாக வைத்தால் அதன் ஸ்வரங்கள் சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. பழக்கத்தில் கை ஜி மேஜர் பிடிக்கும். அதில் ஜி, பி, டி இருக்கின்றன. அந்த டி இந்த ராகத்தில் இல்லை. பாடுகிறவர் டி ஃபிளாட்டைப் பாடும்போது இரண்டும் உரசும். டி-யை விட்டுவிட்டு ஜி, பி மட்டும் வாசித்தால் போதும், உரசல் போய்விடும். அதேபோல எஃப் மேஜருக்குப் பதில் எஃப் மைனர்.

கமகத்தோடு பாடும் மூத்தவர்கள் சபையில் இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். கமகம் என்பது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. குரல் அசையும் இடத்தில் கீபோர்டு அசையாத ஒரு ஸ்வரத்தைக் கட்டியாகப் பிடித்தால் இரண்டும் சேராது. ச, ப இரண்டை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லவி முடியும் இடத்தில் மட்டும் முழு கார்டுக்கு வந்தால் அழகாக இருக்கும். கீர்த்தனைக்கு கீபோர்டு குறைவாக வாசிப்பதுதான் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிரான்ஸ்போஸ் பட்டன்

டிரான்ஸ்போஸ் என்பது, விரல் அதே கட்டையில் இருக்கும்போதே ஒலிக்கும் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன். அதைப் பயன்படுத்துவது தவறே இல்லை. ஆனால் பேஸ் வாசிப்பவர் "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால், விரல் இருக்கும் ஸ்கேலைச் சொல்லாமல் காதில் கேட்கும் ஸ்கேலைச் சொல்லுங்கள். இன்னொன்று, –5 வைத்தால் இடது ஓர சி ஒலிப்பது ஜி-யாக, 49 ஹெர்ட்ஸில். பேஸ் கிட்டாரின் ஆழத்துக்கே இறங்கிவிட்டீர்கள். காகிதத்துண்டையும் அதற்கேற்ப வலப்பக்கம் நகர்த்த வேண்டும்.

பேஸ் கிட்டார் வராத நாள்

பேஸ் வாசிப்பவர் பரீட்சைக்கோ ஊருக்கோ போய்விட்ட ஞாயிறுகளில் எல்லை தளரும். அன்று இடது கைதான் பேஸ். அப்போதும் கீழே ஒரு ஸ்வரம்தான், கார்டின் பெயர் ஸ்வரம், கிக் விழும் இடத்தில். டிரம்ஸ் வாசிப்பவரிடம் ஆராதனைக்கு முன்பே "உன் கிக்கோடதான் நான் வருவேன்" என்று சொல்லி வையுங்கள்.

உங்கள் வாசிப்பைச் சோதிக்க, சபையார் உட்காரும் இடத்தில் ஒரு போனை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். அதைப் போனின் ஸ்பீக்கரில் கேட்டால் கீழ்ப் பகுதி வரவே வராது, எல்லாம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். ஹெட்ஃபோனில் கேளுங்கள். சரணத்தின் வார்த்தைகளைப் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எந்த வரியில் பேனா தடுமாறுகிறதோ, அந்த வரியில் இரண்டு கையும் எங்கே இருந்தன என்று கீபோர்டில் வைத்துப் பார்த்து, அங்கே மட்டும் ஒரு விரலை எடுத்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.